ஆறடி மூன்று அங்குலம்

2005 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வானத்தில் மேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை. அது எழும்புவதற்கு முன்னர் வருகிற அசைவில்லாத வெக்கை மட்டும் இருந்தது. கடலுக்கு மேலே ஏறிய வெயில் கல்லடியில் நாகேஸ்வரி வீட்டுச் சுவரில் மஞ்சளாக விழுந்திருந்தது. அந்தச் சுவரில் அன்று நான் மூன்று இடங்களில் நாக்கை வைத்தேன்.

போன மாதம் நகரத்தில் ஒரு பெயின்ற் கடைக்குப் போயிருந்தேன். அங்கே வேலை செய்கிறவர்கள் ஒரு சிறு கருவியைச் சுவரில் வைத்து, ஈரம் எவ்வளவு என்று இலக்கத்தில் காட்டினார்கள். “அந்தக் காலத்தில நீங்க சுவர நக்கிப் பாத்தீங்களாம், உண்மையா ஐயா?” என்று ஒருவர் கேட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள். உண்மைதான் என்றேன். மேலே சொல்ல அங்கே கதிரையும் இல்லை, நேரமும் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்று வந்துவிட்டேன். சொன்ன சொல்லுக்காக இதை எழுதுகிறேன்.

நான் தீந்தை பூசுகிறவனாக முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தேன். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்குச் சிறப்புச் சித்தி இருந்தது. எழுதுவினைஞர் வேலைக்கு நான்கு முறை விண்ணப்பித்தேன், நான்கு முறையும் பதில் வரவில்லை. 1971 இல் மரியதாஸ் முதலாளியிடம் சேர்ந்தேன். முதல் ஏழு மாதம் சுரண்டும் வேலை, அடுத்த ஐந்து மாதம் சுண்ணாம்பு, பிறகுதான் கையில் பிரஷ். அவ்வளவுதான் என் படிப்பு. எண்ணுகிற பழக்கம் மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்துவிட்டது. படி ஏறினால் எண்ணுவேன். வாளி கவிழ்த்தால் எண்ணுவேன். எண்ணாவிட்டால் திரும்பிப் போய் எண்ணிவிட்டு வருவேன்.

மரியதாஸ் முதலாளி கொந்தராத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மெலிந்த உடம்பு, கையில் எப்போதும் கறுப்புக் குடை. வேலை நடக்கிற வளவில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, தேத்தண்ணியைக்கூட நின்றுதான் குடிப்பார். எங்களில் யாரையும் ‘நீ’ என்றதில்லை. ஒரேயொரு சொல்லில் மட்டும் அந்த மரியாதை இல்லாமல் போகும். அது கடைசியாக அவர் சொல்லும் தீர்ப்பு.

கடற்கரை வீட்டுக்கு வெளிச்சுவர் பூசுவதென்றால் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. கச்சான் வீசுகிற மாதங்களில்தான் தொடங்க வேண்டும். கச்சான் வாவியைத் தாண்டி நிலத்திலிருந்து வருவது, அதில் உப்பில்லை. அது தணிகிற பின்னேரத்தில் கடற்காற்று ஏறும், அதில் உப்பைத் தவிர வேறொன்றுமில்லை. ஆகவே பகல் இரண்டு மணிக்குப் பிரஷைக் கழுவி வைத்துவிட வேண்டும். வெயில் விழுகிற சுவரில் பூசக் கூடாது. நிழல் வீட்டைச் சுற்றி நகர, நாங்களும் வாளியோடு நிழலுக்குப் பின்னால் நகர்வோம். நேற்றுப் பூசியதன் மேல் இன்று பூசுவதென்றால், இரவு வந்து ஒட்டிய உப்பை முதலில் நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முதலாளி வந்து சுவரைப் பார்ப்பார். பார்ப்பது என்றால் நாக்கால். குடையை மடக்கி என் கையில் தருவார். கணுக்கால் உயரத்தில் ஒருமுறை, இடுப்பு உயரத்தில் ஒருமுறை, நெற்றி உயரத்தில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கைலேஞ்சியில் துப்பி மடித்துக்கொள்வார். அடுத்தவர் வளவில் துப்பமாட்டார். பிறகு ஒரு சொல். ‘பூசு’ அல்லது ‘பொறு’. ‘பொறு’ என்றால் வீட்டுக்காரர் அழுதாலும் பொறுக்கத்தான் வேண்டும். ஒரு பங்களாவுக்கு ஏழு கிழமை ‘பொறு’ சொன்னார். அந்த வீட்டுக்காரர் கோபத்தில், “உங்கட நாக்கு என்ன நீதிமன்றமா?” என்று கேட்டார். “இல்ல ஐயா, நீதிமன்றத்தில லஞ்சம் குடுக்கலாம்” என்றார் முதலாளி, சிரிக்காமல்.

இனி நாகேஸ்வரி வீடு.

கடலிலிருந்து முந்நூற்று எண்பது காலடி. நானே நடந்து எண்ணியது. முந்திய டிசெம்பரில் சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்தபோது, முன்னால் இருந்த இரண்டு வீடுகள் அடியை வாங்கிக்கொண்டதால் இது நின்றது. ஆனால் தண்ணீர் சுற்றி நின்றிருக்கிறது. நின்ற உயரத்தில் நான்கு சுவரிலும் ஒரு பழுப்புக் கோடு. அளவு நாடா பிடித்துப் பார்த்தேன். ஆறடி மூன்று அங்குலம்.

நாகேஸ்வரி புருஷனை இழந்தவர். என்னை அண்ணன் என்பார். ஒரே மகள் வதனி. பாலர் பாடசாலையில் படிப்பித்தாள், அப்போது வயது இருபத்தைந்து. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார், தாய் வளவுக்குள் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவாள். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் வந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பதில் யாருக்கும் மனக்குறை வருவதில்லை. அவர்களுடைய பிள்ளை படுத்தெழும்பப் போகிற வீடு. வதனிக்குக் கதிரவெளியில் ஒரு இடம் பேசியிருந்தார்கள். கடற்றொழில் சங்கத்தில் கணக்கெழுதுகிற பொடியன். கடல் வந்த பிறகும் அவன் மனம் மாறவில்லை. செப்ரெம்பரில் அவனுடைய பெரியம்மா வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்குள் வீடு வீடாக இருக்க வேண்டும்.

ஏப்ரலில் சுவரைக் கழுவினோம். வளவுக் கிணற்றை ஐந்துமுறை இறைத்துவிட்டு, ஊறிய தண்ணீரில் கழுவினோம். முந்நூற்று நாற்பது வாளி. பிறகு முப்பத்தொரு நாள் காயவிட்டோம்.

அந்த மாதங்களை நினைத்தால் நித்திரையில் நடந்துபோனது போலத்தான் இருக்கிறது. கடற்கரையில் சத்தமில்லை. கடல் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி மணலை நக்கிக்கொண்டு கிடந்தது. பகலில் கச்சான் எழும்பினால், விழுந்த வீடுகளின் தகரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக முனகும். வாவிக்கு மேல் வெக்கை நடுங்கும். அந்த நடுக்கத்தில் எதிர்க்கரைத் தென்னைகள் தண்ணீரை விட்டு ஒரு சாண் மேலே மிதப்பது போலத் தெரியும். சாரத்தின் மேல் நின்று அதைப் பார்த்தபடி எத்தனை நிமிடம் போனதென்று எண்ண மறந்த நாட்கள் உண்டு. என் வாழ்க்கையில் எண்ண மறந்தது அப்போது மட்டுந்தான்.

மே 17 அன்று முதலாளி வந்தார். குடையை மடக்கி என்னிடம் தந்தார். சுவருக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். அப்படியே நின்றார். நான் பதினாறு வரை எண்ணினேன். பிறகு பின்னுக்கு வந்தார்.

“தம்பி, நீங்க பாருங்க” என்றார்.

“நானா முதலாளி?”

“என்னால ஏலாம இரிக்கு.”

அவருடைய தங்கச்சி செலின் அந்த ஒழுங்கையிலிருந்து நாலாவது ஒழுங்கையில் குடியிருந்தவர். கடல் கொண்டுபோன அவரை எடுக்கவே இல்லை. உடுப்பும் கிடைக்கவில்லை. அந்தத் தண்ணீர்தான் இந்தச் சுவரில் ஆறடி மூன்று அங்குலம் நின்றது. அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் மறுபேச்சுப் பேசாமல் குனிந்தேன்.

கணுக்கால், இடுப்பு, நெற்றி. ஒன்றும் தெரியவில்லை. மண்ணும் சீமெந்தும்தான்.

“உப்பில்ல முதலாளி.”

“வடிவாத் தெரியுமா?”

“ஓம்.”

அவர் குடையை வாங்கி விரித்தார். “அப்ப நீங்க யோசிச்சுச் செய்யுங்க” என்றார். ‘பூசு’ என்று அவர் சொல்லவில்லை. நான்தான் அதைக் கவனிக்காமல் விட்டேன்.

அடிப்பூச்சு ஒன்று, மேலே இரண்டு. நாகேஸ்வரி தெரிந்தெடுத்தது இளநீலம். பத்தொன்பது நாளில் முடித்தோம். பூசி முடித்த அன்று வீடு வானத்துக்குள் பாதி கரைந்து நின்றது. வதனி ஒழுங்கையின் முகப்பில் நின்று பார்த்துவிட்டு, “மாமா, கூரை மட்டும் தனியாப் பறக்கிற மாதிரி இரிக்கு” என்றாள். அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

யூலை மூன்றாம் கிழமை, கிணற்றுப் பக்கச் சுவரில் நான்கு கொப்புளங்கள். ஓகஸ்ட் முடிவில் நானூற்றுப் பன்னிரண்டு. அரிசிப் பருமனிலிருந்து அப்பளப் பருமன் வரை. இரண்டு முறை எண்ணினேன், இரண்டு முறையும் அதே தொகை. எனக்குப் பயம் தந்தது தொகை அல்ல. கொப்புளங்கள் எல்லாம் நிலத்திலிருந்து ஏறி ஓர் உயரத்தில் நேர்கோடாக நின்றுவிட்டன. அதற்கு மேலே ஒன்றுகூட இல்லை. அளவு நாடா எடுக்காமலே அது எத்தனை அடி என்று எனக்குத் தெரிந்தது. நான் பூசிய நீலத்துக்கு உள்ளே கடல் தன் மட்டத்தை மறுபடி வரைந்திருந்தது.

செப்ரெம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா வந்தார். பூரணம் என்று பெயர். பருத்த உடம்பு, உரத்த குரல், வெற்றிலை வாய். வீட்டை ஒருமுறை சுற்றி வந்து, கிணற்றுப் பக்கம் நின்று, ஒரு கொப்புளத்தில் விரலை வைத்தார். நீலத் தோல் உடைந்து விழுந்தது. உள்ளேயிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. விரலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

“கடல் இன்னும் போகல்ல கா. உள்ளுக்குத்தான் இரிக்கு” என்றார். “மேல சட்ட போட்டு விட்டிரிக்காங்க. எங்கட பொடியன் கடலுக்க குடியிரிக்க ஏலா.”

தேத்தண்ணி குடிக்காமல் போனார்கள். வதனி கோப்பைகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். ஆறு கோப்பை. என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

என்ன பிழை என்று எனக்கு விளங்கவில்லை. முந்நூற்று நாற்பது வாளி, முப்பத்தொரு நாள், மூன்று இடத்தில் நாக்கு. எல்லாம் சரி. ஒக்ரோபரில் செங்கலடிக்கு அப்பால், வந்தாறுமூலைப் பக்கம் ஒரு வீட்டுக்கு யன்னல் பூசப் போனேன். தாகமாக இருந்தது. வீட்டுக்காரப் பெண் கிணற்றிலிருந்து அள்ளிச் செம்பில் தந்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு நிறுத்தினேன்.

“தங்கச்சி, இதுக்குச் சீனி போட்டனீங்களா?”

“சீனி விக்கிற விலைக்கு, வேலைக்கு வாறாக்களுக்குக் கரைச்சுக் குடுக்கன்!” என்று அவர் சிரித்தார். “இது வெறும் கிணத்துத் தண்ணி அண்ணன்.”

செம்பு முழுவதையும் குடித்தேன். இன்னொரு செம்பு வாங்கிக் குடித்தேன். பின்னேரம் பஸ்ஸில் கல்லடிக்கு வந்து, வீட்டில் மனைவி தந்த தண்ணீரை வாயில் வைத்தேன். துப்பிவிட்டேன். உப்பு.

கடல் வந்த பிறகு எங்கள் கிணறுகள் எல்லாம் கரித்தன. முதல் மாதம் பவுசர் வண்டியில் தண்ணீர் வந்தது, வராத நாளில் கிணற்றுத் தண்ணீர்தான். அந்த மாதத்தில் என் மனைவியிடம், தேத்தண்ணிக்கு உப்பைப் போட்டுவிட்டாயா என்று கேட்டிருக்கிறேன். பவுசர் நின்றது, கிணற்றுத் தண்ணீரையே குடித்தோம். இரண்டாம் மாதம் நான் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் தண்ணீர் திரும்ப நல்லதாகிவிட்டது என்று ஒழுங்கையில் எல்லாரும் பேசிக்கொண்டோம். தண்ணீர் அப்படியேதான் இருந்திருக்கிறது. திரும்பியது எங்கள் நாக்குத்தான். உப்புச் சுவரை உப்புத் தண்ணீரில் கழுவி, உப்பு ஊறிய நாக்கால் பரீட்சித்து, உப்பில்லை என்று தீர்ப்புச் சொன்னவன் நான்.

அன்றே பாலத்தைக் கடந்து நகரத்தில் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் வாசலில் நின்றபடி கேட்டார்.

“பிழை உங்கட இல்ல தம்பி” என்றார். “நான் நாக்கு வைக்கல்ல. வைக்காதவன், உங்கள வைக்கச் சொல்லியிரிக்கப்படாது.”

அந்த வருட முடிவோடு அவர் கொந்தராத்தை நிறுத்தினார். நான் தனியாக, கிடைத்த வேலையைச் செய்தேன்.

உடனே போய்ச் சுவரைத் திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நல்ல தண்ணீர் பரல் பரலாக வர வேண்டும். அடுத்த வருடம் சண்டை திரும்பத் தொடங்கியது, அதிலிருந்து தெருவெல்லாம் சோதனைச் சாவடிகள், பரலைத் திறந்து குத்திப் பார்க்கிற காலம். வடக்கே கதிரவெளிப் பக்கத்துச் சனம் கையில் அகப்பட்டதோடு எழும்பி வந்து கூடாரங்களில் கிடந்தது. அந்தப் பூரணம் அம்மாவும் அதில் எங்கோ இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இதெல்லாம் உண்மையான காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு வெட்கம். அந்த வீட்டைப் பார்க்காமல் போவதற்காகப் பின் ஒழுங்கையால் நடந்தேன். போக அறுநூற்று நாற்பது காலடி அதிகம், வர அறுநூற்று நாற்பது. ஏறத்தாழ நாலு வருடம் நடந்தேன். பெருக்கிப் பார்க்கவில்லை.

2009 இல் சண்டை முடிந்தது. யூன் மாதம் ஒருநாள் பின் ஒழுங்கையில் வதனி குறுக்கே நின்றாள். அவளுக்கு இருபத்தொன்பது.

“மாமா, இந்த ஒழுங்கையில உங்களுக்கென்ன அலுவல்? கடையும் இல்ல, கோயிலும் இல்ல.”

“சும்மா, நிழல் புள்ள.”

“நிழல் தர இஞ்ச ஒரு மரமும் இல்லயே.”

அவள் குரலைத் தணித்தாள்.

“அவர் திரும்பவும் கடிதம் போட்டிரிக்கார் மாமா. திரும்பக் கதிரவெளிக்கே போயிற்றாங்களாம். அவர் இன்னும் கலியாணம் முடிக்கல்ல. பெரியம்மா திரும்ப வந்து வீட்டப் பாத்துத்தான் சொல்லுவாவாம்.” கொஞ்சம் நின்றாள். “வேற ஒரு ஆளப் பிடிக்கலாம். ஆனா அந்தச் சுவர உங்களவுக்குத் தெரிஞ்ச ஆள் இல்ல. வருவீங்களா?”

யூன் 15, திங்கட்கிழமை தொடங்கினேன். தனியாக. இந்தமுறை முறையை மாற்றினேன். முதலில் தண்ணீரைத் தொடவே இல்லை. பூத்த உப்பில் தண்ணீர் பட்டால் அது திரும்பச் சுவருக்குள் ஓடி ஒளிந்துவிடும். நீலத்தை முழுக்கச் சுரண்டினேன். உப்பைக் காய்ந்தபடியே பிரஷால் தட்டி, கீழே சாக்கு விரித்து ஏந்தி, வளவுக்கு வெளியே கொண்டுபோனேன். கடைத் தராசில் நிறுத்தேன், மூன்றே கால் கிலோ. பிறகு செங்கலடிக்கு அப்பாலிருந்து பவுசரில் தண்ணீர் எடுத்தேன். ஒன்பது தடவை. சுவரின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி மெல்ல ஊற்றி, காயவிட்டு, திரும்ப ஊற்றினேன். அதன் மேல் வெறும் சுண்ணாம்பு. சுண்ணாம்பு அழகுக்கு அல்ல. உள்ளே கிடக்கிற உப்பை அது வெளியே இழுக்கும். இழுத்த உப்பு அதன் மேல் பூக்கும். பூத்ததைத் தட்டிவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பு.

முதல் சுண்ணாம்பு நாலு நாளில் பூத்தது. இரண்டாவது பூக்க ஒன்பது நாள் எடுத்தது. காலையில் போனால் சுவர் முழுக்க மெல்லிய வெள்ளை மயிர், நெல் பூத்த வயல் வட்டையைத் தூரத்திலிருந்து பார்ப்பது போல. மூச்சு விட்டால் ஆடும். வெயில் சாய்ந்து வரும்போது ஒவ்வொரு மயிரும் மினுங்கும். அழிக்க மனம் வராமல் அரை மணித்தியாலம் நின்ற நாளும் உண்டு. இவ்வளவு நாளும் இந்தச் சுவர் எதையோ சொல்ல வாய் திறந்து கொண்டிருந்தது, நான் அதன் மேல் நீலத்தைப் பூசி வாயை அடைத்திருக்கிறேன் என்று தோன்றியது.

தினமும் காலையில் வந்தாறுமூலைக் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுபோவேன். மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டுத்தான் நாக்கை வைப்பேன். என் நாக்கை நான் பிறகு நம்பவில்லை.

மூன்றாவது சுண்ணாம்பு பூக்கத் தொடங்கியிருந்தது. செப்ரெம்பர் 4, வெள்ளிக்கிழமை, மத்தியானம் செய்தி வந்தது. ஞாயிறு காலை பெரியம்மா வருகிறார்.

சுவரைப் பார்த்தேன். ஆறடி மூன்று அங்குலம் வரை படைபடையாக வெள்ளை. மேலே சுரண்டிய பழுப்பு. நோயாளி மாதிரி நின்றது. நான் கேட்டிருந்தது மாத முடிவு.

நாகேஸ்வரி ஓடி வந்தார். “அண்ணன், ஒரு பூச்சு அடிச்சு விடுங்க. சுறுக்கா. நாளைக்கு ஒருநாள் கிடக்குத்தானே. பாத்திட்டுப் போகட்டும், மறுகா நீங்க உங்கட வேலயச் செய்யுங்க.”

எனக்கும் அதுதான் ஓடியது. ஒருநாளில் அடிக்கலாம். இருபது நாளைக்குக் கொப்புளம் வராது. கலியாணப் பேச்சுக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் பூசினால் உப்பு உள்ளே நிற்கும். திரும்பச் சுரண்டித் தொடங்க மாரி வந்துவிடும். அந்த மழைக்கு மூடிய சுவர் இன்னும் ஒருமுறை வெடிக்கும், அப்போது வதனி அந்த வீட்டில் புதுப் பெண்சாதி. பூசாமல் விட்டால் பூரணம் அம்மா பார்ப்பது நாலு வருடத்துக்கு முன்னர் பார்த்ததைவிடக் கேவலமான சுவர். அன்றிரவு முழுக்கக் கூட்டிக் கழித்தேன். எந்தப் பக்கம் கூட்டினாலும் அவளுக்கு நட்டம்.

சனிக்கிழமை காலை நகரத்துக்குப் போய் முதலாளியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அறுபத்தெட்டு வயது. ஏன் என்று கேட்கவில்லை, குடையை மட்டும் எடுத்தார்.

சுவருக்கு முன்னால் வந்து குடையை மடக்கி என்னிடம் தந்தார். நான் போத்தலை நீட்டினேன். மூன்று முறை கொப்பளித்தார். கைலேஞ்சியை விரித்தார். குனிந்தார். நாலரை வருடத்துக்குப் பிறகு அந்த நாக்கு ஒரு சுவரைத் தொட்டது. கணுக்கால். இடுப்பு. நெற்றி உயரத்தில் வைத்தவர் எடுக்கவில்லை. கண் மூடியிருந்தது. கச்சான் அவருடைய சட்டையைப் பின்னால் ஊதிப் பெருக்கியது. நான் இருபத்திரண்டு வரை எண்ணினேன்.

நிமிர்ந்தார். கைலேஞ்சியை நாலாக மடித்தார்.

“பொறு” என்றார்.

நாகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஒண்டுமில்ல தம்பி. வெறும் உப்புத்தான்” என்றார். திரும்பவும், தனக்குச் சொல்வது போல, “வெறும் உப்பு.”

கிணற்றடியில் நின்ற வதனி இதெல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “பூச வேணாம் மாமா” என்றாள். “இப்பிடியே பாக்கட்டும். வேணாமெண்டு போறதெண்டா, இருக்கிறதப் பாத்திட்டுப் போகட்டும்.”

திரும்பிப் போக முதலாளி ஓட்டோ வேண்டாம் என்றார். பாலத்தில் குடையை விரித்துக்கொண்டு நடந்து போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபுறமும் வாவி வெள்ளையாகக் கிடக்க, அந்தக் கறுப்புப் புள்ளி நடந்து நடந்து வெளிச்சத்துக்குள் போனது.

ஞாயிறு ஒன்பது இருபது பஸ்ஸில் வந்தார்கள். பூரணம் அம்மாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த உடம்பில் பாதிதான் மிச்சம். சட்டை தோளில் நிற்கவில்லை. வெற்றிலை இல்லை. பொடியன் படலை வாசலோடு நின்றுவிட்டான். அவர் மட்டும் வீட்டைச் சுற்றி வந்தார். அதே கிணற்றுப் பக்கத்தில் நின்றார். அதே விரலால் சுவரைத் தடவினார். விரல் வெள்ளையானது.

“நீங்கதானே பெயின்ற் பாஸ்?”

“ஓம் அம்மா.”

“இது அண்டைக்கு நான் கண்ட உப்பா, புது உப்பா?”

“அதே உப்புத்தான். அண்டைக்கு உள்ளுக்க இருந்தது. இப்ப வெளிய வந்துகொண்டிரிக்கு.”

“எப்ப முழுக்க வந்து முடியும்?”

குசினி வாசலில் நாகேஸ்வரி என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார். இந்த மாதம் முடிய என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்த நாக்கு ஏற்கெனவே ஒருமுறை இந்தச் சுவரைப் பற்றிப் பிழையாகச் சொன்ன நாக்கு.

“முழுக்க வராது அம்மா. என்ன செய்தாலும் ஒள்ளுப்பம் உள்ளுக்க இரிக்கும்.”

அவர் விரலைப் பார்த்தார். பிறகு அதை நாக்கில் வைத்தார். நான் போத்தலை நீட்டினேன். என் குணம், அந்த நேரத்திலும் சும்மா இருக்க முடியவில்லை.

“கொப்பளிச்சிட்டுப் பாருங்க அம்மா. இல்லாட்டிச் சரியாத் தெரியாது.”

“என்னகா இது, கோயில் தீர்த்தமா?” என்றார். அந்தப் பழைய குரல் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. கொப்பளித்துவிட்டுத் திரும்ப விரலை வைத்தார். அந்தமுறை நான் எண்ணவில்லை.

“இரிக்கு” என்றார். “நல்லா இரிக்கு.” சேலையில் விரலைத் துடைத்தார். “எங்கட வீட்டுக்குச் சுவரே இல்ல பாஸ். போய்ப் பாத்தம். நாலு மூலக் கல்லு கிடக்கு, அதுக்கு நடுவால எருக்கல முளைச்சிரிக்கு. உப்பு வந்து ஒட்டக்கூட ஒரு இடமில்ல.” சுவரில் முழு உள்ளங்கையையும் வைத்தார், ஒரு மாட்டின் வயிற்றில் வைப்பது போல. “சுவர் இரிக்கிற வீட்டில உப்பும் இரிக்கட்டும். கடக்கரையில வேற என்னத்தக் கேக்கிற?”

பிறகு படலைப் பக்கம் திரும்பி, “டேய், என்ன அங்க நிக்காய்? வெயிலுக்க நிண்டு கறுக்காம உள்ள வா, இன்னும் கறுத்தா அந்தப் புள்ள மாட்டனெண்டிரும்” என்றார்.

வதனி தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஆறு கோப்பை. பூரணம் அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு நிமிர்ந்து, “என்ன புள்ள, இனிப்பு இவ்வளவு?” என்று கேட்டார். வதனி என்னைப் பார்க்காமல் சொன்னாள், “சீனி அரைக் கரண்டிதான் போட்டன். தண்ணி மாமாட.” பிறகுதான் கவனித்தேன், கிணற்றடியில் வைத்திருந்த என் இரண்டாவது போத்தலைக் காணவில்லை.

மூன்றாவது பூவைத் தட்டி, நாலாவது சுண்ணாம்பும் அடித்து, அது பதினாறு நாள் பூக்காமல் கிடந்த பிறகுதான் தீந்தையைத் திறந்தேன். சுவர் மூச்சு விடக்கூடிய வகை, கொழும்பிலிருந்து எடுத்தது, அதே இளநீலம். மாரி தொடங்க ஐந்து நாள் இருக்கையில் முடித்தேன். தைமாதம் கலியாணம். மாரி முடியப் போய் எண்ணினேன், கொப்புளம் ஏழு. ஏழும் கிணற்றுப் பக்கம், ஏழும் ஆறடி மூன்று அங்குலத்துக்குக் கீழே. அந்த ஏழையும் பிறகு சரிசெய்தேன். இப்போதும் மாரி முடிந்தால் போய்ச் சுவரைத் தடவிப் பார்க்கிறேன். வதனியின் பிள்ளைகள் என்னைக் கண்டதும் செம்பில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள், கொப்பளிக்க. பின் ஒழுங்கையால் நான் போவதில்லை.

வதனி காசு தர வந்தாள், வாங்கவில்லை. 2005 இல் வாங்கிய கூலியையும் நாகேஸ்வரியிடம் திருப்பிக் கொடுத்தேன். அது பதினாலாயிரத்து ஐந்நூறு. பவுசர் ஒன்பது தடவைக்குப் பதினாறாயிரத்து இருநூறு. சுண்ணாம்பு நாலாயிரம். பிரஷ், சுரண்டி, சாக்கு இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. தீந்தை இருபத்தோராயிரத்து அறுநூறு. முதலாளியை ஏற்றிவந்த ஓட்டோ நூற்றைம்பது, ஒருவழி மட்டும். போத்தல் தண்ணீர் சும்மா. மொத்தம் ஐம்பத்தெட்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.